மார்கழியில் வந்த பயணத் திகதி

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது கனடாவில் எங்கள் மஃபின் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில். மட்டக்களப்பு அக்கா கத்தரிக்காய்க் கறி பட்ட விரலைத் துடைத்துவிட்டுத் தன் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கோலாலம்பூர் விமான நிலையம். அவருடைய தம்பி, தம்பியின் பெண்சாதி, இரண்டு பொடியன்கள். நாலு பேரும் அந்த வெக்கைக்குள் தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வேர்த்து வடிந்தபடி நிற்கிறார்கள். தம்பியின் கையில் நீல எழுத்துப் போட்ட ஒரு வெள்ளைப் பொலித்தீன் பை. அகதிகளை விமானம் ஏற்றுகிறவர்கள் கொடுக்கும் பை அது. அவர்களுடைய கடதாசிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நான் அந்தப் பிள்ளைகளின் முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்ல வடிவாய் நிக்கினம் அக்கா” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். அன்றைக்கு வந்தது சின்ன எரிச்சல்தான். முழு எரிச்சலும் ஒரு மாதம் கழித்து வந்தது.

மட்டக்களப்பு அக்கா என்று அவரைச் சொன்னது அவருடைய ஊரைக்கொண்டு. மஃபின் அடுக்கும் லைனில் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். அவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணம். மஃபின்கள் சூளையால் வெளியே வந்து, குளிர்ந்து, பட்டியில் ஊர்ந்து வரும். நாங்கள் ஆறு ஆறாகப் பெட்டிக்குள் வைப்போம். அந்தப் பெட்டிகளில் பாதி அமெரிக்காவுக்குப் போகும். அக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நாங்கள் இருவரும் குடியிருந்த மல்வேர்னிலிருந்து விடிய ஒரே பஸ்ஸில் வருவோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தம்பி மலேசியாவில் இருந்தார்கள். இருவருக்கும் கோலாலம்பூரில் ஒரே மாடிக் கட்டிடத்தில் அடுத்தடுத்த அறைகள். எட்டு வருடமாக அகதி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொலிசைக் கண்டால் சந்துக்குள் திரும்பி, கார் கழுவும் இடத்திலும் சாப்பாட்டுக்கடையிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் தம்பியின் மகளுக்கு ஒன்பது வயது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் யாரோ ஒரு பாதிரியார் வீட்டு அறையில் படித்தாள்.

கனடாவுக்கு அவனைக் கூப்பிட எனக்கு வழி இருக்கவில்லை. வளர்ந்து கலியாணம் கட்டிய சகோதரத்தைப் பொறுப்பெடுக்க இங்கே விடமாட்டார்கள். அமெரிக்காதான் கதவைத் திறந்தது. எங்கள் இரண்டு தம்பிமாரையும் அகதிகளாக எடுக்கிறோம் என்று அந்த நாடு ஒப்புக்கொண்டது. ஏன் ஊரை விட்டு ஓடினார்கள் என்று அதற்குக் கொடுத்த விளக்கக் கடிதம் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதியது நான். அதைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். ஊரில் ஆங்கில ரீச்சராக இருந்தவள் நான். மஃபின் அடுக்க வந்தாலும் கை அதை மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், அக்கா அழுது அழுது தன் தம்பிக்கு நடந்ததைச் சொல்ல, நான் அதைத் திகதி திகதியாக, வசனம் வசனமாக எழுதிக் கொடுத்தேன். என் தம்பியின் கடிதத்தை எழுத எடுத்த நேரத்தை விட அவருடையதற்கு அதிக நேரம் எடுத்தேன். இருவருக்கும் பஃபலோ நகரம் என்று வந்தது. இங்கிருந்து காரில் இரண்டு மணித்தியாலம். தம்பியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்னேரம் திரும்பி வரலாம் என்று நான் கனவு காணத் தொடங்கிவிட்டேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் தேர்தல். எங்கள் சாப்பாட்டு மேசை கனடாத் தேர்தலுக்குக் கூட அவ்வளவு சூடாகியதில்லை. முந்தின முறை ஆட்சியில் இருந்தபோது அகதிகளை மறித்த ஆளே திரும்பவும் வென்றுவிட்டார் என்று தெரிந்த நாளில் அக்காவின் கையிலிருந்து ஒரு தட்டு மஃபின் நிலத்தில் விழுந்தது. “புள்ள, அந்தாள் கதிரையில குந்த முதல் இவனுகள் ஏறிப்போடோணும்” என்றார். நான் சிரித்தேன். எனக்கு உலக அரசியல் தெரியும் என்ற திமிர் எனக்கு. “அக்கா, அமெரிக்காவில ஜனாதிபதி மாறுவார், வெளிநாட்டுக் கொள்கை மாறாது. அரசாங்கம் ஒப்பம் போட்ட அலுவலை ஆள் மாறினோண்ண நிப்பாட்டேலாது” என்றேன்.

இது நானாகக் கண்டுபிடித்த கதை இல்லை. முப்பது வருடமாகத் தமிழ் வானொலியில் ஆய்வாளர்மார் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் யுத்தத்தின்போது வெள்ளை மாளிகையில் எத்தனை பேர் மாறினார்கள்! ஒவ்வொரு முறையும் நாங்கள் இங்கே இருந்து மனு எழுதினோம், ஒப்பம் சேர்த்தோம், புதுசாக வந்தவர் எங்களைத் திரும்பிப் பார்ப்பார் என்று நம்பினோம். ஒருவரும் பார்க்கவில்லை. அதனால்தான் யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தோம். எங்களுக்கு நல்லது செய்யும் விசயத்தில் அது சரியாகவே இருந்தது. கெடுதல் செய்யும் விசயத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

கார்த்திகை முடிகிற நேரம் இருவருக்கும் பயணத் திகதி வந்தது. இரண்டும் மார்கழி மாதத்துக்குள். ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு குடும்பங்களும் பறக்க வேண்டும். திகதியைக் கேட்டதும் சுவரில் தொங்கிய கலண்டரைப் புரட்டினேன். பீடை மாதம். எங்கள் ஆட்கள் மார்கழியில் வீடு குடிபுகமாட்டார்கள், கலியாணம் வைக்கமாட்டார்கள், புதுச் சட்டை கூடத் தைக்கக் கொடுக்கமாட்டார்கள். நான் ஒருமுறை அதை மீறியிருக்கிறேன். மல்வேர்ன் வீட்டுச் சாவி மார்கழியில்தான் கைக்கு வந்தது. சரி, இது கனடாதானே என்று பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். தை முடிய முதல் என் கணவருக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கதிரையில். டொக்டர் இரத்த அழுத்தம் என்றார். நான் மார்கழி என்றேன்.

“தம்பி, மார்கழியில புது நாட்டில காலடி வைக்கக்கூடாது. தை பிறக்கட்டும்” என்று தொலைபேசியில் சொன்னேன். அவன் தயங்கினான். “தந்த திகதியை மாத்தக் கேட்டால் என்ன நினைப்பினமோ தெரியாது அக்கா” என்றான். நான் விடவில்லை. “பிள்ளைக்கு வயித்தோட்டம் எண்டு சொல்லு. சுகமில்லாத பிள்ளையை அவையே ஏத்தமாட்டினம்” என்று நானே பொய்யையும் சொல்லிக் கொடுத்தேன். அவன் சின்ன வயதிலிருந்து என் சொல் தட்டாதவன். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தது நான். விமானம் ஏற்றுகிறவர்கள் மறுபேச்சுப் பேசாமல் தை மாதத்தில் ஒரு திகதி தந்தார்கள். பதவியேற்பு நடந்து மூன்றாம் நாள் விமானம். தன் பெண்சாதிக்கு உண்மையைச் சொல்லவில்லை, பயணம் ஒழுங்கு செய்யும் கந்தோர்தான் திகதியை மாற்றியது என்று சொல்லியிருக்கிறேன் என்றான். அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. அவள் நாள் கிழமை பார்க்காத பெண். தெரிந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

அக்காவையும் நான் எச்சரித்தேன். அதையும் சொல்லவேண்டும். “உங்கட தம்பியையும் மறியுங்கோ அக்கா, மார்கழி” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “எனக்கும் பயம்தான் புள்ள. ஆனா மார்கழியை விட அந்தாளுக்குத்தான் எனக்குக் கூடப் பயம்” என்று சொல்லிவிட்டு மஃபினை அடுக்கத் தொடங்கினார். அடுத்த கிழமைதான் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். என் தம்பி தன் பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, அவர்களை வழியனுப்ப விமான நிலையம் வரை போய், அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தவன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பதவியேற்ற அன்றைக்கே அந்த மனிதர் அகதிகள் வருவதை நிறுத்தி ஒப்பம் போட்டார். அடுத்த நாள் தம்பிக்குக் குறுஞ்செய்தி வந்தது: பயணம் இரத்து, மறு அறிவித்தல் வரும். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, பாத்திரம் பண்டங்களை அயலவர்களுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள். மட்டக்களப்பு அக்காவின் தம்பி காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் போய்ப் படுத்தார்கள். மறு அறிவித்தல் இன்றைக்கு வரை வரவில்லை.

பொறாமை என்றால் என்ன என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அடுத்தவளின் சேலையைப் பார்த்து வருவதெல்லாம் பொறாமையே இல்லை. இது விடிய எழும்பும்போதே வயிற்றுக்குள் இருந்தது. அக்கா இரண்டு கிழமைக்கு ஒருமுறை மகனின் காரில் எல்லைப் பாலம் கடந்து பஃபலோ போய் வந்தார். ஒடியல் மா, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டுபோனார். திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் அவர் எல்லாவற்றையும் சொன்னார்: பொடியன்கள் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்களாம், தம்பிக்குக் களஞ்சியத்தில் வேலையாம், சின்னவன் பனியைத் தின்று பார்த்தானாம். நான் “ஓம் ஓம்” என்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதை விட்டுவிட்டார். சொன்னபோது எரிந்தது. சொல்லாமல் விட்டபோது, என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள் என்று இன்னும் எரிந்தது. அந்த மஞ்சள் பஸ்ஸில் என் தம்பியின் மகள் ஏறியிருக்கவேண்டும்.

சாப்பாட்டு மேசையில் நான் ஒவ்வொரு நாளும் அமெரிக்க ஜனாதிபதியை ஏசினேன். ஒருவர் பாக்கியில்லாமல் என்னோடு சேர்ந்து ஏசினார்கள். கனடாச் சாமான்களுக்கு வரி என்று வந்து, எங்களுக்கு ஷிப்ட் குறைந்தபோது அந்த ஏச்சுக்கு இன்னும் சுவை கூடியது. “உன்ரை தம்பியின்ரை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டான்” என்று எல்லாரும் எனக்காகக் கொதித்தார்கள். பிள்ளையின் வயிற்றோட்டம் பற்றி நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அக்கா விடுமுறையில் நின்ற ஒரு நாள், “உவையின்ரை கேஸ் உண்மையோ பொய்யோ ஆருக்குத் தெரியும், ஆரையும் பிடிச்சுத்தான் கெதியாப் போயிருப்பினம்” என்று சொன்னேன். அந்தக் கேஸை எழுதியவள் நான்! ஒவ்வொரு திகதியும் உண்மை என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கோடை முடிய அக்கா வேலையை விட்டுவிட்டு மகனோடு விட்பி நகருக்குப் போய்விட்டார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவர் எடுத்த இரண்டு மூன்று அழைப்புகளை நான் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். மகன் காரிலேயே இருந்துகொண்டான். அக்கா மெலிந்திருந்தார். என் கணவரிடம் சுகம் விசாரித்துவிட்டு, சாப்பாட்டு மேசையடியில் இருந்துகொண்டு கைப்பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். முந்தின ஜனாதிபதியின் காலத்தில் எடுத்த அகதிகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள் என்று செய்தியில் கேட்டிருந்தேன். அவருடைய தம்பிக்கும் விசாரணை வந்துவிட்டது. ஏன் ஊரை விட்டு ஓடினாய், அப்போது சொன்னது உண்மைதானா என்று முதலிலிருந்து எழுதித் தரவேண்டும். நிரந்தர வதிவிடக் கடதாசியையும் மறித்து வைத்திருக்கிறார்களாம். “திருப்பி அனுப்பிப்போடுவானுகளோ எண்டு பயமாக்கிடக்கு புள்ள. அவன் நித்திரை கொள்ளுறானில்ல” என்றார்.

தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனேன். கேத்திலை அடுப்பில் வைக்கும்போது எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. சீ, எழுதவே கை கூசுகிறது. ஆனால் வந்தது உண்மை. இனி அவளும் அழட்டும், அவளுடைய தம்பியும் பெட்டியைக் கட்டட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். யன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தண்ணி கொதித்து விசிலடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பழைய கதையே, எனக்கு மனப்பாடம். தகப்பனைக் கடத்த வெள்ளை வான் வந்த இரவு, அவர் உடுத்திருந்த சாரம், வள்ளத்தில் போன பதினொரு நாள். அக்கா சொல்லச் சொல்ல நான் ஒரு திகதியும் பிசகாமல் எழுதினேன். மலேசியாவிலிருந்து புறப்பட்ட திகதி என்ற இடம் வந்தது. மார்கழி என்று மனதுக்குள் ஓட, பேனை நின்றுவிட்டது. அக்கா என் கையைப் பார்த்தார்.

“உன்ட தம்பியும் அந்தக் கிழமையே வந்திருக்கலாம்” என்றார் மெதுவாக.

“கந்தோரில திகதியை மாத்தினவங்கள் அக்கா” என்றேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

“வயித்தோட்டமெண்டு சொல்லச் சொன்னது நீதானே.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வழியனுப்பப் போன அன்றைக்கே விமான நிலையத்தில் வைத்து என் தம்பி அவருடைய தம்பிக்குச் சொல்லியிருக்கிறான். அந்தத் தம்பி பஃபலோ வந்து இறங்கிய அன்றைக்கே தன் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் நான் அந்த மேசையில் நெஞ்சில் அடித்து அடித்து ஜனாதிபதியை ஏசிய நாட்களெல்லாம், பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்ட இந்த மனிசிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவருடைய தம்பியின் கேஸைப் பற்றி நான் சொன்னதும் அவர் காதுக்குப் போயிருந்தது. அதையும் கேட்டேன். “ஓம், சொன்னாங்க” என்றார்.

“தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? ஒருத்தருக்கும் சொல்லாமல்?” எனக்குக் கோபம் வந்தது. ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

“சொல்லி என்ன செய்ய? நீ அந்தாளை ஏசிக்கொண்டிருந்தாய். அதுதான் உனக்கு ஆறுதலாக் கிடந்துது. அதை ஏன் நான் பறிப்பான்?”

அவர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். நான் கடிதத்தை முடித்துக் கொடுத்தேன். மூன்று பக்கம். என் வாழ்நாளில் எழுதியதில் அதுதான் நல்ல கடிதம் என்று நினைக்கிறேன். வாசலில் அவரை நானே கட்டிப்பிடித்தேன். கார் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் திரும்பவும் வயிறு எரிந்தது. இந்த முறை பஃபலோவுக்காக இல்லை. ஒரு வருடம் இவ்வளவையும் மனதுக்குள் பூட்டி வைத்திருக்க அவரால் முடிந்ததே என்று. என்னால் முடியாது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே லைன் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

பின்னேரம் தம்பிக்கு எடுத்தேன். அவனுக்கு அங்கே விடியல், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். தொலைபேசியை எங்கோ சாத்தி வைத்துவிட்டுச் சத்தமாகக் கதைத்தான். அக்கா வந்து போனதைச் சொன்னேன். “பாத்தீங்களோ அக்கா, போனவைக்கும் நிம்மதியில்லை. நாங்கள் போகாததும் ஒரு விதத்தில நல்லதுதான்” என்றான். எனக்காகத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. அவன் ஒரு வருடமாக எனக்காக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தாள் நிப்பாட்டிப்போட்டான், நீங்கள் என்ன செய்வீங்கள் அக்கா. அந்தாள் போனால் எல்லாம் சரிவரும் அக்கா. நானும் ஓம் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தம்பி, மார்கழியில உங்களை ஏற விட்டிருந்தால்...” என்று தொடங்கினேன்.

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. “என்னப்பா மார்கழி?” என்று அவனுடைய பெண்சாதியின் குரல் கேட்டது.

“அது ஒண்டுமில்லை, அக்கா சும்மா ஏதோ...” தம்பி அவசரமாகத் தொலைபேசியைக் கையில் எடுத்தது தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விடுங்கோ அக்கா, அந்தாள்தானே நிப்பாட்டினவன்” என்றான்.

“தம்பி, போனை அவளிட்டைக் குடு.”

“அக்கா, வேண்டாம்.”

“குடு எண்டுறன்.”

அவன் அவளைக் கூப்பிட்டான். பிறகு கை மாறுகிற சரசரப்புக் கேட்டது.

“சொல்லுங்கோ மச்சாள்” என்றாள்.